வீடே ஆபீஸ், கரிக்கணக்கு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்களில், வீட்டிலிருந்தபடியே வேலை நடத்தும் சின்னக் கம்பெனிகளிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை: கார்பன் உமிழ்வை எப்படி அளப்பது, எங்கே குறைப்பது.

நாங்கள் 12 பேர். கணக்கு எழுதும் வேலையும் கொஞ்சம் மென்பொருள் வேலையும் செய்கிறோம். ஆபீஸ் கிடையாது, அவரவர் வீட்டில்தான் வேலை. ஜெர்மனி வாடிக்கையாளர் எங்கள் ஆண்டு உமிழ்வுக் கணக்கைக் கேட்கிறார். கட்டடமே இல்லாததால் பூஜ்யம் என்று எழுதி அனுப்பலாமா?
– ராமநாதபுரம் வாசகர்

பூஜ்யம் என்று எழுதினால் அடுத்த மெயிலிலேயே திருப்பிக் கேட்பார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் (பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிடும் பொது விதிமுறை) முறையில் உமிழ்வை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். கம்பெனி தானே எரிக்கும் எரிபொருள் முதல் பெட்டி. கம்பெனி பெயரில் வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவர்கள் வழியாக நடக்கும் எல்லாமும் மூன்றாவது. அதற்குள் 15 பிரிவுகள். ஆபீஸ் இல்லாத கம்பெனிக்கு முதல் இரண்டும் காலியாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து செய்யும் வேலை மூன்றாவது பெட்டியின் ஏழாவது பிரிவில், ஊழியர் போக்குவரத்தோடு சேர்ந்து வருகிறது. அதைச் சேர்ப்பது கட்டாயமில்லை. ஆனால் உங்களைப் போன்ற கம்பெனிக்கு வேலையே அங்கேதான் நடக்கிறது. அதை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? சேர்த்தே எழுதுங்கள்.

வீட்டு கரண்ட் பில்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிரிட்ஜும் மோட்டாரும் வேலை இல்லாவிட்டாலும் ஓடும். வேலைக்காகக் கூடுதலாக ஓடுவதை மட்டும் எண்ணுங்கள். ஒருவருக்கு லேப்டாப்பும் மானிட்டரும் 65 வாட், சாதா ஃபேன் 75 வாட், எல்.இ.டி. ட்யூப் 20 வாட், ஆக மொத்தம் 160 வாட். 9 மணி நேரத்துக்கு 1.44 யூனிட். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 360 யூனிட். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் உமிழ்வு எண், அண்மை ஆண்டுகளில் யூனிட்டுக்கு 0.71 முதல் 0.73 கிலோ கரியமில வாயு வரை இருக்கிறது. மனக்கணக்குக்கு 0.7 என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 250 கிலோ.

இப்போது ஏசியைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, நம் கடலோரப் புழுக்கத்தில் சராசரியாக மணிக்கு 0.8 யூனிட் இழுக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வெயில் காலத்தில் 150 வேலை நாள்: 720 யூனிட், அதாவது 500 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மற்ற எல்லாம் சேர்ந்ததைப்போல் இரண்டு பங்கு. உங்கள் 12 பேரில் 5 பேருக்கு ஏசி என்றால் மின்சாரம் மட்டும் சுமார் 5.5 டன். ஆண்டுக்கு 3 லேப்டாப் புதிதாக வாங்கினால், தயாரிப்பில் வெளியான கரி சுமார் 0.9 டன் கூடும். பயணமும் வாடகை சர்வரும் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினி) அதற்கு மேல்.

ஊகத்தைவிட அளவு நல்லது. பிளக்கில் மாட்டும் 16 ஆம்பியர் மின் அளவி ஒன்று வாங்குங்கள். ஒரு வீட்டில் ஒரு வாரம் வைத்து, அடுத்த வீட்டுக்கு பஸ் பார்சலில் அனுப்புங்கள். மூன்று மாதத்தில் 12 வீடும் முடிந்துவிடும். சித்திரையில் அளந்ததையும் கார்த்திகையில் அளந்ததையும் ஒரே ஆண்டுச் சராசரியாக்கிவிடாதீர்கள். ஏசி மாதங்களைத் தனியாகவே வையுங்கள். எந்த ஆண்டின் ஆணைய எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். அந்த எண் மின்நிலைய வாசலில் போட்ட கணக்கு. கம்பியில் வரும் வழியில் ஏற்படும் இழப்பு அதில் இல்லை. அதை மூன்றாவது பெட்டியில் தனி வரிசையாக எழுத வேண்டும்.

கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் பார்க் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கரண்டே சுத்தமானதுதானே? பிறகு ஏன் 0.7?
– பெரியபட்டினம் வாசகர்

கமுதியின் 648 மெகாவாட் 2016 முதல் ஓடுகிறது, பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது உங்கள் வீட்டுக்கு மட்டும் வரும் தனிக் குழாய் இல்லை. தென்மாநில மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்துவிட்டது. அன்று முதல் இந்தியா முழுவதும் ஒரே குளம். கமுதி சூரியனும் வழுதூர் எரிவாயுவும் வடக்கே எரியும் நிலக்கரியும் அதில்தான் கலக்கின்றன. அதனால்தான் நாட்டுக்கே ஒரே எண். கமுதி இருப்பதால் உங்கள் அறிக்கையில் ஒரு கிலோகூடக் குறைக்க முடியாது. வேறொரு பயன் உண்டு: காலை 10 முதல் மாலை 4 வரை அந்தக் குளத்தில் வெயில் மின்சாரம் அதிகம். பேட்டரி ஏற்றுவது, துணி துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு மாற்றினால், அறிக்கையில் தெரியாவிட்டாலும் நிஜத்தில் நிலக்கரி குறையும்.

எங்கள் வீட்டு ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. "கடற்கரை வீடு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மெக்கானிக். இதற்கும் கார்பன் கணக்குக்கும் சம்பந்தம் உண்டா?
– கீழக்கரை வாசகி

வந்த கடிதங்களிலேயே மிக முக்கியமான கேள்வி இது. ஏசியில் கேஸ் தீர்ந்துபோகவே கூடாது. அது பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் கிடையாது, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை.

ஓட்டையிலிருந்து போவது சாதாரண வாயு இல்லை. ஏசி உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், கேஸின் பெயர் இருக்கும். ஆர்-22 என்றால் ஒரு கிலோ கசிவு 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. ஆர்-32 என்றால் 675 கிலோ. ஆர்-290, அதாவது சுத்திகரித்த புரொப்பேன் என்றால் ஒற்றை இலக்கம்தான். ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் போனால், நீங்கள் கிட்டத்தட்ட 3,000 யூனிட் கரண்ட் எரித்ததற்குச் சமம். மேலே சொன்ன ஆண்டு ஏசி கணக்கைப்போல் நான்கு மடங்கு, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஏன் கடற்கரையில் ஓட்டை விழுகிறது? அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் செப்புக் குழாய் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகக் கோத்திருக்கும். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் தன்னைத் தின்றுகொள்ளும். தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அது தூசி இல்லை, அலுமினியம் போய்க்கொண்டிருக்கிறது. தகடு உதிர்ந்தால் சூடு வெளியேறாது, கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும், கரண்ட் ஏறும். பிறகு குழாயின் வளைவிலும் நட்டு போட்டு இறுக்கிய இணைப்பிலும் ஊசித்துளை விழும்.

மெக்கானிக் வரும்போது, இருக்கும் கேஸுக்கு மேலேயே புதுக் கேஸை ஏற்ற விடாதீர்கள். முதலில் மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆர்-32, ஆர்-410ஏ மிஷின் என்றால் நைட்ரஜனை 400 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஏற்றி, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். நுரை குமிழ் விடும் இடம்தான் ஓட்டை. அதை அடைத்த பிறகு வேக்குவம் பம்பை அரை மணி நேரம் ஓட்டி, வெற்றிட அளவியில் 500 மைக்ரான் வரை இறக்கி, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே கேஸ்; அதுவும் தராசில் நிறுத்து, கேஸ் பெயர் உள்ள தகட்டில் எழுதியிருக்கும் எடைக்கு. பல இடங்களில் வேக்குவம் போடாமல், கொஞ்சம் கேஸை விட்டே உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு, ஆம்ப்ஸ் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். தள்ளிவிட்ட கேஸ் நேராக வானத்துக்குப் போகிறது. உள்ளே தங்கிய ஈரமோ எண்ணெயில் அமிலமாகிக் கம்ப்ரஸரைத் தின்கிறது. பம்பும் தராசும் கொண்டு வருபவருக்கு 500 ரூபாய் கூடக் கொடுத்தாலும் லாபம். அந்தச் செலவைக் கம்பெனி ஏற்பது, நாம் அறிந்த உமிழ்வுக் குறைப்பு வழிகளிலேயே மலிவானது.

ஓட்டை விழாமல் காக்க ஒரு எளிய வழி உங்கள் வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய ஈரம். அதில் உப்பு கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு நாள் வேலை நேரத்தில் ஒரு வாளி சேர்ந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏசிக்குக் கரண்ட் போகும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, அந்தத் தண்ணீரைத் தோட்டத்து ஸ்பிரேயரில் ஊற்றி, தகடு வளையாதபடி மேலிருந்து கீழாக மெதுவாக அலசுங்கள். மின்பெட்டி இருக்கும் பக்கம் படக்கூடாது. போர் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள்; அது உப்பின் மேல் உப்பு. ஆர்.ஓ. மிஷின் ஒதுக்கித் தள்ளும் தண்ணீர் அதைவிட மோசம்.

புதிதாக மாட்டுவதாக இருந்தால் கடல் பார்த்த சுவரைத் தவிருங்கள். ராமேசுவரம் தீவில் கச்சான் காற்று ஒரு பக்கமிருந்தும் வாடைக்காற்று மறுபக்கமிருந்தும் அடிக்கும். அங்கே இரண்டுக்கும் மறைவான, ஆனால் காற்றோட்டம் உள்ள பக்கவாட்டுச் சுவர் தேவை. அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள காயில் (குழாயும் தகடும் சேர்ந்த பகுதி) கேட்டு வாங்குங்கள். வெப்பநிலையை 24-இலிருந்து ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம். 27-இல் வைத்து ஃபேனையும் போட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

கரண்ட் போனால் வேலை நிற்கக் கூடாது என்று எல்லார் வீட்டுக்கும் சின்ன ஜெனரேட்டர் வாங்கித் தர முதலாளி யோசிக்கிறார். சரியா?
– மண்டபம் வாசகர்

வேண்டாம். ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், சுமை குறைவாக இருந்தாலும் மணிக்கு அரை லிட்டர் அளவுக்குக் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. அறுபது வாட் லேப்டாப்புக்காக மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் விடுகிறீர்கள். அதே வேலைக்கு லைன் கரண்டில் 40 கிராம்தான். அதோடு, கம்பெனி வாங்கிக் கொடுத்து கம்பெனியே பெட்ரோல் போட்டால் அது முதல் பெட்டியில் ஏறும்.

லேப்டாப்பில் ஏற்கெனவே பேட்டரி இருக்கிறது. உண்மையில் நிற்பது ரவுட்டர்தான். அதற்கென்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று: அட்டையில் பேட்டரியின் கொள்ளளவு 8,800 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 32 வாட்-மணி. ரவுட்டர் 9 வாட் இழுத்தால், இழப்பு போக மூன்று மணி நேரம் ஓடும். "12 வோல்ட்டில் 8,800" என்று நினைத்து வாங்கியவர்கள் பத்து மணி நேரம் எதிர்பார்த்துக் கோபப்படுகிறார்கள். உங்கள் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். மாறினால் ரவுட்டர் போகும். ஃபைபர் பெட்டி தனி, வை-ஃபை ரவுட்டர் தனி என்றால் இரண்டு வாய் உள்ள யு.பி.எஸ். தேவை. தெருவில் உள்ள இணைப்புப் பெட்டிக்கே கரண்ட் போய்விட்டால் எதுவும் உதவாது. வேறொரு கம்பெனி சிம் ஒன்று போனில் இருக்கட்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால் ஃபேனுக்கும் விளக்குக்கும் போதும். ஈய பேட்டரியில் போட்டதை முழுவதும் எடுக்க முடியாது. ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும்.

பழைய மெயில்களை அழிப்பது, மீட்டிங்கில் கேமராவை அணைப்பது – இவை எவ்வளவு உதவும்?
– தேவிபட்டினம் வாசகி

மிகக் குறைவு. செய்வதில் தவறில்லை, ஆனால் அதற்காக ஊழியர்களை விரட்டாதீர்கள், அறிக்கையிலும் எழுதாதீர்கள். அந்தக் கவனத்தை வாடகை சர்வர் பக்கம் திருப்புங்கள். சோதனைக்காக எடுத்த சர்வர்கள் இரவிலும் ஞாயிறிலும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு 168 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 12 மணி நேரம் மட்டும் ஓடும்படி தானியங்கி நேரம் வைத்தால் 60 மணி. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கரியும் பில்லும் சேர்ந்தே குறையும். முதல் வாரம் யாராவது இரவில் வேலை செய்ய வந்து "சர்வர் போச்சு" என்பார்கள். தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்கு எழுப்பும் பொத்தான் ஒன்றும் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாளே யாரோ நேரத்தை நிரந்தரமாக நீக்கிவிடுவார்கள்.

ஏசியைத் தனித்தனியாக ஓட்டுவதற்குப் பதில், ராமநாதபுரத்தில் ஒரு அறை எடுத்து வெயில் காலத்தில் நான்கு பேர் சேர்ந்து உட்காரலாமா? எனக்குப் போக வர 40 கிலோமீட்டர்.
– கீழக்கரைப் பக்கத்து வாசகர்

எதில் வருகிறீர்கள் என்பதுதான் விடை. தனி ஏசி ஒரு நாளைக்கு 4.8 யூனிட், 3.4 கிலோ. அறையில் நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 0.85 கிலோ, மிச்சம் சுமார் 2.5 கிலோ. பஸ்ஸில் 40 கிலோமீட்டருக்கு முக்கால் கிலோவுக்கு உள்ளேதான் வரும், நல்ல லாபம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் 1.8 கிலோ; லாபம் கொஞ்சம்தான். தனியாகக் காரில் வந்தால் 6 கிலோ, வீட்டிலேயே இருங்கள். இதைவிட நல்ல யோசனை, ஒரே ஊரில் இருக்கும் இரண்டு மூன்று பேர் ஒருவர் வீட்டு அறையில் சேர்ந்து உட்காருவது. நடந்தே போய்விடலாம். அந்த வீட்டு கரண்ட் பில்லின் கூடுதல் தொகையைக் கம்பெனி கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற விலைப் படி ஏறும் என்பதால், கூடுதல் யூனிட்டைக் கடைசிப் படியின் விலையில் கணக்கிடுங்கள். சராசரி விலையில் கொடுத்தால் வீட்டுக்காரர் கைக்காசு போகும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை சென்னைக்காரர்களோடு கூடும்போது விமானத்தில் மதுரை வந்து அங்கிருந்து கார் பிடிப்பதை நிறுத்துங்கள். சேது எக்ஸ்பிரஸில் ஒரு இரவு. ரயிலில் ஒருவருக்கு கிலோமீட்டருக்கு 10 கிராம் அளவுதான். விமானத்தில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

ஊழியர்கள் வீட்டு மாடியில் சோலார் போடக் கம்பெனி உதவலாம் என்று இருக்கிறோம். உப்புக்காற்றில் தாங்குமா? வாடகை வீட்டுக்காரர்கள் என்ன செய்வது?
– தங்கச்சிமடம் வாசகர்

தாங்கும், பேனலைவிட அதைத் தாங்கும் சட்டத்தில் கவனம் வைத்தால். நம் பகுதியில் ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். ஆண்டுக்கு 1,450 யூனிட் அளவு, சுமார் ஒரு டன் கரி. மாடியில் நூறு சதுர அடி வேண்டும். 2024-இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். இந்தியாவில் தயாரான செல் உள்ள பேனலாக இருக்க வேண்டும், மின் இணைப்பு விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும்.

பேனலுக்கு ஐ.இ.சி. 61701 உப்புமூட்டச் சோதனைச் சான்று கேளுங்கள். சட்டத்துக்கு, வெட்டித் துளை போட்டு முடித்த பிறகு சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு வேண்டும், பூச்சு 80 மைக்ரானுக்குக் குறையாமல். கேட் செய்யும் பட்டறையில் ஜி.ஐ. குழாயை வெல்டிங் வைத்துச் சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுத்தால், வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 நம் கடற்கரையில் பழுப்புக் கண்ணீர் விடும். அலுமினிய ஃபிரேமும் இரும்புச் சட்டமும் தொடும் இடத்தில் ரப்பர் பட்டை வையுங்கள். ஏசி தகட்டுக்குச் சொன்ன அதே கதை இங்கும்.

சாய்வு தெற்குப் பார்த்து 10 டிகிரி. ராமநாதபுரம் 9 டிகிரி அட்சரேகைக்குச் சற்று மேலே இருப்பதால் அதுவே வெயிலுக்கும் பொருத்தம். அதற்குக் கீழே இறக்கினால் கீழ் ஓரத்தில் தண்ணீர் தேங்கி உப்புச் சேறு ஒரு கோடாகப் படியும். அந்த வரிசை செல்கள் விளைச்சலைக் குறைக்கும். ரொம்பத் தூக்கினால் புயல் காற்று அடியில் புகுந்து பெயர்க்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடல் இது. பேனல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது, ஒவ்வொரு காலும் கான்கிரீட் கட்டையில் நங்கூரம் போட வேண்டும். பக்கத்துப் பனையின் நிழல், தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டையும் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியில் நின்று பாருங்கள். ஒரு பேனலில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துவிடும்.

பலர் ஏமாறுவது வேறு இடத்தில். பேட்டரி இல்லாத சாதா சோலார், லைன் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் காக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பவர்கட்டுக்காகச் சோலார் போடுகிறோம் என்று ஊழியர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கழுவுவது விடியற்காலையில், பேனல் சூடாவதற்கு முன், உப்பில்லாத தண்ணீரில். மழை மாதங்களில் தேவையில்லை. கணக்கில், வேலை நேரத்தில் அந்த வீட்டில் வேலைக்குச் செலவான சோலார் யூனிட்டை மட்டும் கழியுங்கள். லைனுக்குப் போன உபரி அந்தக் குடும்பத்துடையது.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் கொடுங்கள். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம், இன்வெர்ட்டரிலும் இரண்டு மடங்கு நேரம் ஓடும்.

இங்கே லேப்டாப் இரண்டரை வருடத்தில் போய்விடுகிறது. எத்தனை வருடம் வரவேண்டும்?
– ஏர்வாடி வாசகி

ஆறு வருடம் வர வைக்கலாம். ஒரு லேப்டாப்பைச் செய்யவே 200 முதல் 350 கிலோ வரை கரி வெளியாகிவிடுகிறது. நீங்கள் அதை ஒரு வருடம் ஓட்டுவதில் வருவது அதைவிடக் குறைவு. அதனால் மூன்று வருடத்தை ஆறாக்கினால் அந்தப் பங்கு பாதி.

கடற்கரையில் அது சாவது பெரும்பாலும் காற்று உள்ளே இழுக்கும் துளை வழியாக. ஜன்னல் ஓரத்தில், கடல் காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடத்தில் மேசை போடாதீர்கள். வேலை முடிந்ததும் மூடி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், ஆனால் சூடு ஆறின பிறகு. சார்ஜர் துளையில் பச்சை நிறம் தெரிந்தால் அது செம்பில் பிடித்த களிம்பு; ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மென்மையான பிரஷ்ஷால், ஆஃப் செய்து, துடைத்து, அரை மணி நேரம் காய விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை உள்ளே திறந்து தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் ஃபேன் இரைச்சலும் போகும். தொட்டால் உடம்பு சுருக்கென்றால் எர்த் இல்லை என்று அர்த்தம்; எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் லேப்டாப்பில் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போடுங்கள். வேகம் குறைந்தால் முதலில் ராமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றிப் பாருங்கள்.

உண்மையிலேயே முடிந்துபோனதை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். செம்புக்காக வயரைத் திறந்த வெளியில் எரிப்பார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாடிக்கையாளர் அறிக்கைக்கும் அது வேண்டும்.

காரங்காடு பக்கம் ஆயிரம் அலையாத்திக் கன்று நட்டு, "கார்பன் இல்லாத கம்பெனி" என்று அறிவிக்கலாமா?
– தொண்டி வாசகர்

நடுங்கள், அப்படி அறிவிக்காதீர்கள். ஏசி விட்ட வாயு இந்த வருடமே காற்றில் இருக்கிறது. கன்று அதை உறிஞ்சப் பல வருடம் ஆகும், அதுவும் பிழைத்தால். அலையாத்திக் கன்று பிழைப்பது அலை ஏறி இறங்கும் உயரத்தைப் பொறுத்தது. கொஞ்சம் தாழ்வாக நட்டால் எந்நேரமும் மூழ்கி அழுகும். மேட்டில் நட்டால் உப்புப் பூத்துக் காயும். அதைவிடக் கவலை, கன்று நட இடம் தேடி ஆழமில்லாத கடற்புல் படுகையில் குத்திவிடுவது. பாக் நீரிணையின் கடற்புல் தானே மண்ணில் கரியைச் சேர்த்து வைப்பது. ஆவுளியா (கடற்பசு) மேயும் இடம். அதற்காகவே 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். ஒன்றை வளர்க்க இன்னொன்றை அழிக்கக் கூடாது. வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில், வாய்க்கால் தூர்ந்திருந்தால் அதைத் திறந்துவிட உதவுங்கள். தண்ணீர் வந்து போக வழி கிடைத்தால் பல இடங்களில் விதை தானே மிதந்து வந்து முளைக்கும்.

கம்பெனி ஆட்கள் கையாலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் பனை நடுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து, ஊர்ப் பொதுக் கரையில் அனுமதி வாங்கி, பத்தடிக்கு ஒன்றாக, ஒரு அடி ஆழத்தில் புதைத்தால் போதும். ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். முதலில் கிழங்கு கீழே இறங்கும், அதனால் சில மாதம் மேலே ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று யாரும் தோண்டிப் பார்த்துவிடாமல் ஒவ்வொரு குழி பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வையுங்கள். அறிக்கையில் இதற்குத் தனித் தலைப்பு போடுங்கள்; டன் கணக்கிலிருந்து எதையும் கழிக்க வேண்டாம்.